தொலைந்துபோன கட்டுரையும் கிளவுட் ஃபைலும்: யார் இந்த கால்வா?

போனில் இடமில்லை என்றால் எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடுகிறோம். அது அங்கே அப்படியே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இந்தச் சோதனைக்குப் பின்னால் இருக்கும் கணிதத்துக்கு, தான் நம்பி ஒப்படைத்த கட்டுரையையே பறிகொடுத்த ஒரு பிரெஞ்சு இளைஞரின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் எவாரிஸ்ட் கால்வா.

அடிமேல் அடி

பாரிஸை ஒட்டிய பூர்-லா-ரென் ஊரில் 1811-ல் பிறந்தவர் கால்வா. அப்பா அந்த ஊர் மேயர். 1829-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு, எகோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் கால்வா இரண்டாவது முறையாகத் தோற்றார்.

1830 பிப்ரவரியில், சமன்பாடுகள் பற்றிய கட்டுரையை அறிவியல் அகாடமியின் பரிசுப் போட்டிக்கு அனுப்பினார். அது செயலாளர் ஃபூரியே கைக்குப் போனது. மே மாதம் ஃபூரியே இறந்துவிட, கட்டுரை கிடைக்கவே இல்லை. பரிசு ஏபலுக்கும் யக்கோபிக்கும் போனது. மறுபடியும் எழுதிக் கொடுத்தார். தெளிவாக இல்லை என்று 1831-ல் நிராகரித்துவிட்டார்கள்.

ஆனால் 1830-லேயே அச்சாகிவிட்ட இன்னொரு கட்டுரை தப்பியது. அதில் இருந்ததுதான் இன்று 'கால்வா களம்' எனப்படும் எண் அமைப்பு.

அது என்ன களம்?

கடிகாரத்தில் 12-க்குப் பிறகு 13 வராது, 1-தான் வரும். அதுபோல, குறிப்பிட்ட அளவு எண்கள் மட்டுமே கொண்ட ஒரு உலகம் இது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் செய்யலாம். விடை அதற்குள்ளேயே இருக்கும். கணினியின் ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். 256 எண்கள் கொண்ட களம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. கியூஆர் கோடில் பிழை திருத்துவதும் இதே கணக்குதான்.

கிளவுடில் எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஃபைலைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் தன் ரகசிய சாவியால் ஒரு முத்திரை போட்டு ஏற்றுகிறார். பிறகு தணிக்கையாளர், தோன்றிய சில துண்டுகளைச் சொல்லிக் கேட்பார். சர்வர் அந்தத் துண்டுகளையும் முத்திரைகளையும் களக் கணக்கில் சேர்த்து, ஒரு சின்ன விடையாக அனுப்ப வேண்டும். துண்டு கையில் இல்லாவிட்டால் விடை பொருந்தாது, மாட்டிக்கொள்ளும்.

முழு ஃபைலையும் டவுன்லோடு செய்யத் தேவையில்லை. 100-ல் ஒரு துண்டு கெட்டிருந்தாலும், 460 துண்டுகளைச் சோதித்தால் கண்டுபிடிக்க 99 சதவீத வாய்ப்பு உண்டு. 2007-ல் வெளியான ஆய்வு காட்டிய கணக்கு இது.

சரி, தணிக்கையாளரே நம் தகவலைப் படித்துவிட்டால்? திரும்பத் திரும்பக் கேட்டு, வரும் விடைகளை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு எடுத்துவிட முடியும். அதனால்தான் விடையோடு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணை சர்வர் கலந்துவிடுகிறது. விடை சரியா, தவறா என்பது மட்டும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

கடைசி இரவு

1832 மே 30, துப்பாக்கிச் சண்டை. வயிற்றில் குண்டு பாய்ந்து மறுநாள் இறந்தார் கால்வா. வயது 20. முந்தைய இரவு தன் கண்டுபிடிப்புகளைச் சுருக்கி நண்பர் செவாலியேவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். தம்பியும் செவாலியேவும் அவரது தாள்களைப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். 1846-ல் லியூவில் அவற்றை அச்சிட்டார்.

தன் கட்டுரை பத்திரமாக இருக்கிறதா என்று அகாடமியிடம் சோதித்துப் பார்க்க கால்வாவுக்கு வழி இருக்கவில்லை. இன்று சர்வரிடம் அதைக் கேட்க நமக்கு வழி இருக்கிறது, அவர் விட்டுப்போன கணக்கால்.