விஞ்ஞானி றோசலின்ட் பிராங்க்ளின்: தோற்றமும் ஆற்றலும்

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த எவருக்கும் டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் வடிவம் மறந்திருக்காது. முறுக்கிய நூலேணி போன்ற அந்தப் படத்தைக் கொப்பியில் வரைந்து, நிறந்தீட்டி, ஆசிரியையிடம் சரி வாங்கியவர்கள் நாம். அதனைக் கண்டுபிடித்தவர்கள் யாரென்றால் வொட்சன், கிறிக் என்ற இரு பெயர்களையும் தயக்கமின்றிச் சொல்வோம். றோசலின்ட் பிராங்க்ளின் என்ற பெயர் எம்மில் பலருக்குப் பிந்தியே அறிமுகமாயிற்று. அப்பெயர் உலகெங்கும் பரவியபோது, அவர் செய்த ஆய்வைவிட அவருடைய தலைமயிரும் உடையும் உதட்டுச் சாயமுமே முதலில் பேசப்பட்டன. நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வியூட்டிய எமது கல்லூரியின் மலரில் அவருடைய வாழ்வைச் சுருக்கமாக எழுதுவது பொருத்தமென எண்ணினோம்.

றோசலின்ட் 1920 ஆம் ஆண்டு யூலை 25 ஆம் திகதி இலண்டனில், வசதி படைத்த ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தார். தந்தையார் எலிஸ் பிராங்க்ளின் வங்கித் தொழிலில் ஈடுபட்டவர்; ஓய்வு நேரத்தில் தொழிலாளர் கல்லூரியொன்றில் கற்பித்தவர். ஐந்து பிள்ளைகளில் இரண்டாமவரான றோசலின்ட் 11 வயதளவில் சென். போல்ஸ் பெண்கள் பாடசாலையிற் சேர்ந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகவியலும் இரசாயனவியலும் முறையாகக் கற்பித்த பாடசாலைகள் அன்றைய இலண்டனில் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. விஞ்ஞானத்திலும் இலத்தீனிலும் விளையாட்டிலும் அவர் முன்னணியில் நின்றார். சங்கீதம் மட்டும் வரவில்லை. புகழ்பெற்ற இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ற் அங்கே சங்கீதம் கற்பித்தவர். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று அவர் தாயாரிடம் விசாரித்தாராம். நல்ல பாடசாலையொன்று ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு றோசலின்டின் பிற்கால வாழ்வு சாட்சி.

1938 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூனம் மகளிர் கல்லூரிக்குச் சென்று, 1941 இல் இறுதிப் பரீட்சையில் சித்தியெய்தினார். ஆண்களோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்து, ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதினாலும், முழுமையான பட்டத்தை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு 1948 வரை வழங்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட்டு நிற்க நேரமிருக்கவில்லை; உலகப் போர் மூண்டிருந்தது. 1942 முதல் நிலக்கரி ஆராய்ச்சி நிலையமொன்றிற் சேர்ந்து, நிலக்கரியின் உள்ளே இருக்கும் நுண்துளைகளை ஆராய்ந்தார். விமானத் தாக்குதற் காலத்தில் தொண்டராகவும் கடமையாற்றினார். அந்த ஆய்வே 1945 இல் அவருக்குக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றுக் கொடுத்தது.

1947 இல் பாரிஸ் நகரத்து அரச ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போனார். எக்ஸ் கதிர்களை ஒரு பொருளினூடாகச் செலுத்தி, அவை சிதறிப் படச்சுருளில் விழும் புள்ளிகளைக் கொண்டு அப்பொருளின் உள்ளமைப்பைக் கணித்தறியும் நுட்பத்தை அங்கேதான் பயின்றார். அவருடைய வாழ்வின் மகிழ்ச்சியான காலம் அதுவே என்பர். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஒரே மேசையில் உண்டு, உரத்து விவாதித்து, மலையேறப் போன காலம். அந்த ஆண்டுகளில் பாரிஸில் புதிதாக வந்த உடைப்பாணியை விரும்பி அணிந்தார் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம், பின்னர் தேவைப்படும்.

1951 சனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். டி.என்.ஏ. பற்றிய எக்ஸ் கதிர் ஆய்வு அவரிடமே ஒப்படைக்கப்படும் என ஆய்வுப் பிரிவின் தலைவர் றண்டால் கடிதம் எழுதியிருந்தார். ஏற்கெனவே அதே ஆய்வில் ஈடுபட்டிருந்த மொரிஸ் வில்கின்ஸுக்கு இந்த ஏற்பாடு தெரிவிக்கப்படவில்லை. வந்தவர் தமக்கு உதவியாளர் என்று அவர் எண்ணினார். றோசலின்டோ தமது ஆய்வுக்குத் தாமே பொறுப்பு என்று எண்ணினார். இருவருக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. ஆண் விரிவுரையாளர்கள் கூடி உணவருந்திய மண்டபத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதும் சேர்ந்து, அவர் அங்கே தனித்துப் போனார்.

ஆயினும் வேலை நடந்தது. மாணவர் றேமண்ட் கொஸ்லிங்குடன் சேர்ந்து, டி.என்.ஏ. இழை வரண்டிருக்கும்போது ஒரு வடிவமும், ஈரப்பதன் கூடியபோது இன்னொரு வடிவமும் எடுப்பதை வேறுபடுத்திக் காட்டினார். அதற்குமுன் இரண்டும் கலந்து கிடந்தபடியால் எவராலும் தெளிவான படம் எடுக்க முடிந்திருக்கவில்லை. 1951 நவம்பரில் இம்முடிவுகளைச் சிறு விரிவுரையாக நிகழ்த்தினார். மூலக்கூறில் எவ்வளவு நீர் உண்டு என்பதையும், பொஸ்பேற்றுக் கூட்டங்கள் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அதில் எடுத்துரைத்தார். கேம்பிறிட்ஜிலிருந்து வந்து அந்த விரிவுரையைக் கேட்டவர்களில் 23 வயதான ஜேம்ஸ் வொட்சனும் ஒருவர். குறிப்பெதுவும் எடுக்காமல் திரும்பிப் போய், நீரின் அளவைக் கிறிக்கிடம் பிழையாகச் சொன்னார். அதை நம்பி இருவரும் மூன்று இழைகள் கொண்ட, பொஸ்பேற்று உள்ளே அமைந்த ஒரு மாதிரியைக் கட்டினார்கள். பார்வையிட அழைக்கப்பட்ட றோசலின்ட் அது ஏன் பிழையென்று அவ்விடத்திலேயே சொல்லிவிட்டார்.

1952 மே மாதத்தில் அவருடைய வழிகாட்டலில் கொஸ்லிங் எடுத்த 51 ஆம் இலக்கப் படம் இன்று உலகப் புகழ் பெற்றது. தலைமயிரிலும் மெல்லிய இழையொன்றின் மீது 60 மணித்தியாலத்துக்கு மேல் கதிர் பாய்ச்சி எடுத்த படம் அது. நடுவிலே குறுக்காக விழுந்த புள்ளி வரிசைகள் சுருள் வடிவத்தைத் தெளிவாகக் காட்டின. 1953 சனவரியில் வில்கின்ஸ் அந்தப் படத்தை றோசலின்டுக்குத் தெரியாமல் வொட்சனுக்குக் காட்டினார். றோசலின்டின் அளவீடுகள் அடங்கிய அறிக்கையொன்றும் வேறு வழியாகக் கிறிக்கின் கைக்குப் போயிற்று. அதே காலத்தில் றோசலின்டும் தமது குறிப்பேட்டில் இரண்டு இழைகள் என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். 1953 ஏப்ரல் 25 ஆம் திகதி நேச்சர் சஞ்சிகையில் மூன்று கட்டுரைகள் ஒன்றாக வெளியாயின. வொட்சனும் கிறிக்கும் எழுதியது முதலில். றோசலின்டும் கொஸ்லிங்கும் எழுதியது மூன்றாவதாக. முதலாவது கட்டுரைக்குத் தமது அளவீடுகள் எவ்வளவு உதவின என்பதை அவர் முழுமையாக அறிந்ததாகத் தெரியவில்லை.

அதற்குள் அவர் பேர்க்பெக் கல்லூரிக்கு மாறிவிட்டார். அங்கே எடுத்துக்கொண்டது புகையிலையைத் தாக்கும் ஒரு வைரசு. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களை அறிந்த எம்மவர்க்கு இது அந்நியமான பொருளல்ல. இலையில் பச்சையும் வெளிறலுமாகத் திட்டுத் திட்டாக நோயை உண்டாக்கும் கிருமி அது. அந்த வைரசின் புரதம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, அதன் ஆர்.என்.ஏ. எங்கே பொதிந்திருக்கிறது என்பதை அவருடைய குழு தெளிவுபடுத்தியது. அக்குழுவில் இருந்த ஆரன் குளூக் பின்னர், 1982 இல், இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். டி.என்.ஏ. பற்றி மட்டும் அறிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிட்டு விடுகிறார்கள். அவரே தலைமை தாங்கி, மனநிறைவோடு செய்த வேலை இதுதான்.

1956 இல் அமெரிக்காவுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் பாவாடையைப் பூட்ட முடியாமல் வயிறு பெருத்திருப்பதை உணர்ந்தார். நாடு திரும்பியதும் வைத்தியரிடம் காட்டினார். செப்டெம்பரில் நடந்த சத்திரசிகிச்சையில் வயிற்றில் இரண்டு கட்டிகள் காணப்பட்டன. சூலகப் புற்றுநோய். சிகிச்சைகளுக்கிடையே சில நாட்கள் கேம்பிறிட்ஜில் கிறிக் தம்பதியரின் வீட்டிலே தங்கித் தேறினார். அவர்களோடு நல்ல நட்பு இருந்தது. உடல் இடங்கொடுத்த நாளெல்லாம் ஆய்வுகூடத்துக்குப் போனார். 1958 ஏப்ரல் 16 ஆம் திகதி, 37 ஆவது வயதில் காலமானார். மறுநாள் பிரசெல்ஸ் நகரில் தொடங்கிய உலகக் கண்காட்சியில், அவருடைய குழு அமைத்த வைரசு மாதிரி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.

வைத்தியர் என்ற முறையில் இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பல நாட்களாக வயிறு ஊதியிருத்தல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகிய அறிகுறிகள் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் உடனே காட்ட வேண்டும். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ இருந்தவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். உடம்பு வைத்துவிட்டதென்று ஊர் சொல்லுமே என்று வெட்கப்பட்டு, சேலையை உயர்த்திக் கட்டி மறைத்து, மாதக்கணக்கிற் பிந்தி வரும் பெண்களை நாம் சிகிச்சை நிலையங்களிற் காண்கிறோம். பிறர் வாய்க்குப் பயந்து தன் உடலைத் தானே உற்றுப் பார்க்காமல் விடுவது உயிராபத்து.

1962 இல் வொட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களை அப்பரிசுக்குத் தெரிவு செய்வதில்லை. 1968 இல் வொட்சன் தமது கண்டுபிடிப்பின் கதையை நூலாக வெளியிட்டார். அது பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. அந்நூலில் றோசலின்ட் பெரும்பாலும் தமது சொந்தப் பெயரில் வரவில்லை. நண்பர்கள் அவரை ஒருநாளும் அழைத்திராத ஒரு செல்லப் பெயரில் வருகிறார். உதட்டுச் சாயம் பூசாதவர், உடையில் இரசனை இல்லாதவர், சிடுசிடுப்பவர் என்று சித்திரிக்கப்படுகிறார். 1951 நவம்பர் விரிவுரையை நினைவுகூரும் இடத்தில், அவர் கண்ணாடியைக் கழற்றித் தலைமயிரையும் வேறுவிதமாக அலங்கரித்தால் எப்படியிருப்பார் என்று தாம் யோசித்துக்கொண்டிருந்ததை ஆசிரியர் எழுதுகிறார். நீரின் அளவைத் தவறவிட்ட அதே விரிவுரை! கேட்க வேண்டியதைக் கேளாமல் பார்த்துக்கொண்டிருந்ததால், முதல் மாதிரி பிழைத்துப் போனது. ஒரு பெண்ணின் தோற்றத்தை எடைபோடுவதால் அவளுக்குத்தான் நட்டம் என்று எண்ணுகிறோம். இங்கே விஞ்ஞானத்துக்கும் நட்டம் ஏற்பட்டது.

நூலின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த கிறிக்கும் வில்கின்ஸுமே ஆட்சேபித்தார்கள். ஹாவாட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை வெளியிடாமல் கைவிட, வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. முடிவுரையில் வொட்சன் றோசலின்டின் ஆய்வைப் பாராட்டி, அவரைப் பற்றித் தாம் முன்பு கொண்ட எண்ணங்கள் பல பிழையானவை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வாசித்தவர்கள் மனதிலே தங்கியது முன்பக்கங்களில் இருந்த சித்திரந்தான். அவர் இறந்து பத்து ஆண்டுகள். மறுமொழி சொல்ல அவர் இல்லை.

அவருக்காக மறுமொழி சொன்னவர் தோழி ஆன் செயர். 1975 இல் வெளியான அவருடைய நூல், றோசலின்ட் வழமையாகக் கண்ணாடி அணிந்தவரல்லர், அழகாக உடுத்தியவர் என்று எடுத்துக்காட்டியது. பாரிஸ் உடைகளைப் பற்றி நாம் முன்பு குறித்தது இதற்காகவே. பொய்யைத் திருத்துவது நல்லதுதான். ஆயினும் ஒன்றை யோசிக்க வேண்டும். அவர் உண்மையிலேயே தடித்த கண்ணாடி அணிந்து, கசங்கிய உடையோடு திரிந்திருந்தால் 51 ஆம் இலக்கப் படம் மங்கியிருக்குமா? பெண்ணொருத்தி அவலட்சணமானவள் என்ற பேச்சுக்கு, இல்லை, அவள் அழகி என்று பதில் சொல்லும்போது, அழகுதான் அளவுகோல் என்பதை நாமும் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். சரியான பதில் அவருடைய அளவீடுகளை எடுத்து வைப்பதே.

இது அந்த நாட்டோடும் அந்தக் காலத்தோடும் முடிந்த கதையல்ல. பாராளுமன்றத்தில் எழுந்து பேசும் பெண்ணின் பருமனும், ஓட்டக்காரியின் நிறமும், செய்தி வாசிப்பவரின் சேலையும் இன்றும் பேசுபொருள்களாகின்றன. அவர்கள் என்ன சொன்னார்கள், எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பது பின்னுக்குப் போகிறது. புகழ்பெற்ற பெண்களைப் பற்றிப் பெரியவர்கள் இப்படிக் கதைப்பதை எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள். மேடையேறினால் தமக்கும் இதுதான் நடக்கும் என்று விளங்கிக்கொண்டு, பின்வாங்கில் போய் அமர்ந்து விடுகிறார்கள். அப்படி எத்தனை றோசலின்டுகளை இழந்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

இந்நூற்றாண்டு விழாவுக்கு அவுஸ்திரேலியா, கனடா, இலண்டன் என்று உலகின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் அக்காமாரும் தங்கைமாரும் வந்து சேரப்போகிறோம். பல ஆண்டுகளுக்குப் பின் காணும்போது மெலிந்தாயா, கொழுத்தாயா, மயிர் ஏன் நரைத்தது என்று விசாரிப்பது எமது வழக்கம்; அன்பினால்தான் அப்படிக் கேட்கிறோம். இம்முறை, என்ன வேலை செய்கிறாய், அதில் எது உனக்குப் பிடித்தது என்று முதலிற் கேட்போம். பதிலை முழுவதுமாகக் கேட்போம். அருகிலே நிற்கும் சின்னப் பிள்ளைகளும் அதனைக் கேட்கட்டும். கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ வாழ்த்துகின்றோம்.