தோழமை வேண்டிய பேராயர்

பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர், கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் செறிந்த சூழலில் அமைந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியைக் காண்பர். 1938ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அங்கே உலகக் கிறித்தவ மாநாடு ஒன்று கூடிற்று. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து பேராளர் வந்தனர். ஆசியரும் ஆப்பிரிக்கரும் ஐரோப்பியரோடு ஒப்ப அமர்ந்து கலந்துரையாடினர். அங்கு முன்னின்ற இந்தியத் தலைவர்களுள் ஒருவர் பேராயர் அசரியா. அந்தச் சமநிலை எளிதில் வாய்த்ததன்று. அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே அதனை அஞ்சாது கேட்டவர் அவர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகத்து 17ஆம் நாள், இந்நாளில் தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குரு. இளமையிலேயே தந்தையை இழந்த அவரை அன்னையார் கண்டிப்புடன் வளர்த்தார். கிறித்தவக் கல்லூரி சென்னை நகரின் நடுவே இருந்த அக்காலத்தில், அசரியா அங்குக் கணிதம் பயின்றார். பின்னர்க் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராய் ஊர்தோறும் சென்று தொண்டாற்றினார்.

1902ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழர், பிறர் கையை எதிர்பாராது, தம் பொருளைக் கொண்டே திருத்தொண்டு நடத்துவதைக் கண்டு வியந்தார். மறு ஆண்டே திருநெல்வேலியில், இந்தியர் பொருளால், இந்தியரே நடத்தும் தொண்டர் சங்கம் ஒன்று தோன்ற முதற்காரணமானார். 1909இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல்லுக்குத் தாமே தொண்டராய்ச் சென்றார்.

அந்நாளில் வெள்ளைக் குருமார் பலர், தம்மோடு பணியாற்றும் இந்தியரைத் தம் இல்லத்தில் விருந்தினராய் ஏற்கவும் தயங்கினர். உதவி செய்தனர்; உடன் உண்ண மறுத்தனர். 1910ஆம் ஆண்டு சூன் திங்களில் எடின்பரோ நகரில் நடந்த உலக மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பேர் குழுமினர். அவர்களுள் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவு. அப்பேரவையில் அசரியா எழுந்து நின்றார். வெள்ளையர் செய்த தியாகங்களை நன்றியோடு போற்றினார். எனினும் இந்தியர் வேண்டுவது இரக்கமன்று, நட்பே என்று வெளிப்படையாகக் கூறினார். அவையோருள் சிலர் சினந்தனர், சிலர் பாராட்டினர். அவரோ தாம் கூறியதினின்றும் பின்வாங்கவில்லை.

அவரைப் பேராயராக்கச் சென்னைப் பேராயர் ஒயிட்கெட் முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. வெள்ளையர்மேல் இந்தியர் ஒருவர் ஆணை செலுத்துவதா எனப் பலர் முணுமுணுத்தனர். ஆயினும் 1912ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள், கல்கத்தாத் தூய பவுல் பேராலயத்தில் அவர் திருநிலைப்படுத்தப் பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

நிறவேற்றுமையைக் கண்டித்தவர் சாதிவேற்றுமையைக் கண்டு வாளாவிருக்கவில்லை. தோர்ணக்கல்லில் திருச்சபையை நாடி வந்தோருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மாலர், மாதிகர் குலத்தார். பிறரால் இழித்து ஒதுக்கப்பட்ட அவர்களும் தமக்குள் உயர்வு தாழ்வு பாராட்டினர். பிறர் செய்யும் இழிவைச் சாடுவோர், தாம் பிறர்க்கு இழிவு செய்தல் தகாது என அசரியா இடைவிடாது போதித்தார். சிற்றூர்தோறும் மாட்டுவண்டியில் சென்று எளியோரோடு பழகினார். 1939ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தோர்ணக்கல் பேராலயத்தை இந்து, இசுலாமியக் கட்டடக்கலைகள் இயைந்து விளங்குமாறு எழுப்பினார்.

பல பிரிவுகளாய்க் கிடந்த சபைகள் ஒன்றாதல் வேண்டும் என 1919ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கூடியோருள் அவர் தலையாயவர். 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். அவர் விரும்பிய தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாயிற்று.

மாணவர்களே! இறந்தோரைப் புதைக்கும் இடத்திலும் சாதி பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் முற்றும் ஒழிந்திலது. பொருளை ஈவது எளிது; தன்னோடு ஒப்ப ஒருவனை அமர்த்துவதே அரிது. அவ்வரிய செயலைப் பிறரிடம் கேட்டதோடு அமையாது, தம்மவரிடமும் கேட்டமையே அசரியாவின் பெருமையாகும்.