மூடப்பட்ட பாடசாலை

நல்லூரில் 1822இல் அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தமை யாவரும் அறிந்ததே. 1872இல் அவர் தொடங்கிய ஆங்கில பாடசாலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலத்துக்கு மிஷன் பாடசாலையே கதி என்றிருந்த காலம் அது. சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே ஆங்கிலமும் கற்கவேண்டுமென அவர் முனைந்தார். பணமுடையால் நான்கு ஆண்டுகளில் அது மூடப்பட்டது. நாவலரேயாயினும் ஆசிரியர் சம்பளம் மாதந்தோறும் கொடுத்தேயாக வேண்டுமல்லவா!

1879இல் பெருமான் சிவபதமடைந்தார். அவர் வழிவந்தோர் அம்முயற்சியைக் கைவிட்டாரல்லர். ஒருவர் சுமந்த பாரத்தைப் பலர் சுமக்கும்படி 1888இல் சைவபரிபாலன சபையை அமைத்தனர். 1890ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்ட யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் பொறுப்பிலேயே வளர்ந்தது.