இரத்தக்குழாயில் புழுவைக் கண்ட டாக்டர்

இந்த முறை நான் எழுதுவது தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் டாக்டரைப் பற்றி. இதில் சிறுநீர் பற்றி வரும். சுவரில் ஒட்டும் தாளில் இதை எழுதலாமான்னு முதலில் எனக்கே கூச்சமா இருந்தது. ஆனா படிச்சு முடிச்ச பிறகு, கூச்சப்படாம எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

பில்ஹார்ஸ் 1825ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி ஜெர்மனியில் ஸிக்மாரிங்கன் என்ற ஊரில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். 1850இல் தன் ஆசிரியர் கிரீசிங்கருடன் எகிப்து நாட்டுக்குப் போனார். கெய்ரோ நகரில் கசர் எல் அய்னி மருத்துவமனையில் வேலை செய்தார்.

எகிப்தில் நைல் ஆற்றுத் தண்ணீரில்தான் விவசாயம். வாய்க்காலில் இறங்கி வேலை செய்யும் பல பேருக்கு சிறுநீரில் இரத்தம் போகும். நிறையப் பேருக்கு அப்படி இருந்ததால் அதைச் சாதாரணம்னு விட்டுட்டாங்க. 3000 வருடத்துக்கு முந்தைய மம்மிகளில்கூட இந்த நோயின் அடையாளத்தை 1910இல் கண்டுபிடித்தார்கள் என்றால் பாருங்களேன்!

பில்ஹார்ஸ் அப்படி விடவில்லை. இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது, 1851இல் ஒரு இரத்தக்குழாய்க்குள் வெள்ளையான சின்னப் புழுவைக் கண்டார். ஆண் புழு தன் உடம்பை மடித்து அதற்குள் பெண் புழுவை வைத்திருந்தது. அடுத்த வருடமே, சிறுநீர்ப்பை கெட்டுப்போவதற்கும் இந்தப் புழுவின் முட்டைகளுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். நைல் ஆற்றில் ஷாக் அடிக்கும் கெளுத்தி மீனைப் பற்றியும் அவர் ஆராய்ச்சி செய்தார்.

ஆனா அவருக்கு ஆயுசு குறைவு. ஒரு பயணக் குழுவோடு செங்கடல் பக்கம் போய்விட்டுத் திரும்பியவர், டைபஸ் காய்ச்சலில் 1862 மே 9ஆம் தேதி கெய்ரோவிலேயே இறந்தார். வயது 37தான். படிக்கும்போது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1911இல் ஃபெர்குசன் என்பவர் அதே கெய்ரோவில், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தவர்களிடம் இந்தப் புழு நோயும் இருப்பதை எழுதினார். 1915இல் லெய்ப்பர் என்பவர், புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் உள்ள நத்தையிலிருந்து வெளியே வந்து, மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போவதைக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தப் புழு புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்தது.

எப்படி வருகிறது? புழு போடும் முட்டைகளில் பாதி சிறுநீரோடு வெளியே வரும். மீதி சிறுநீர்ப்பைச் சுவரில் மாட்டிக்கொள்ளும். அந்த இடம் வருடக்கணக்கா புண்ணாகும், ஆறும், திரும்பவும் புண்ணாகும். இப்படியே போனால் அங்குள்ள செல்கள் மாறிப் புற்றுநோய் ஆகிவிடலாம். ஆனா புழுவைக் கொல்ல இப்போ பிராசிகுவாண்டல் என்ற மாத்திரை இருக்கிறது. எகிப்தில் அதை ஊர் ஊராகக் கொடுத்த பிறகு இந்த நோய் ரொம்பக் குறைந்துவிட்டது.

நம்ம பாம்பாறு அணைத் தண்ணியில இறங்கினா இது வந்துடுமோன்னு பயப்பட வேண்டாம். இது பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் உள்ள நோய். இந்தியாவில் மகாராஷ்டிராவின் ரத்தினகிரி மாவட்டத்தில் ஜிம்வி என்ற ஒரு கிராமத்தில் இருந்ததை 1952இல் எழுதியிருக்கிறார்கள்.

ஆனா நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. புழு இல்லாத ஊரிலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும். அதற்குப் பெரிய காரணம் பீடி, சிகரெட். வலியே இல்லாவிட்டாலும் சிறுநீரில் இரத்தம் வந்தால் சூடுன்னு சொல்லி மோர் குடிச்சிட்டு இருக்கக் கூடாது. வெட்கப்படாம வீட்டில் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க தாத்தாவிடமும் அப்பாவிடமும் இன்றைக்கே இதைச் சொல்லுங்கள்.

எல்லோரும் சாதாரணம்னு விட்டதை ஒருத்தர் உற்றுப் பார்த்தார். அதனால்தான் பல உயிர்கள் பிழைத்தன. நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இனி நிலாவைப் பார்த்தால் அவரை நினைத்துக்கொள்வேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி