உள்ளத்தின் நோய்க்கும் மருத்துவம் எழுதிய அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்)



அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்களைப் பூகோள அறிஞர் என்று சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளத்தின் நோய்களுக்குச் சிகிச்சை எழுதியவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஹிஜ்ரி 235 வாக்கில், இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் நகருக்கு அருகே ஷாமிஸ்தியான் என்ற கிராமத்தில் பிறந்தார்கள். தந்தை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். வாலிப வயதில் ஹாஜிகளின் கூட்டத்தோடு நடந்தே இராக் போய், எட்டு ஆண்டுகள் தங்கி, அல்கிந்தீயிடம் கல்வி பயின்று ஊர் திரும்பினார்கள். பிற்காலத்தில் அமைச்சர் பதவி தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லி, எழுத்தர் பணியோடு நின்றுகொண்டார்கள்.

அவர்கள் எழுதிய நூல்களில் ஒன்று ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’. உடலின் நலன், உள்ளத்தின் நலன் என்று இரண்டு பாகம். உள்ளத்தைப் பற்றிய பாகத்தில் எட்டு அத்தியாயங்கள். உடலுக்கு நோய் வராமலே ஒருவருக்குச் சில காலம் கழியலாம். கோபமும் கவலையும் பயமும் உள்ளத்தைத் தொடாத நாள் அரிது. அப்படியிருந்தும் மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுகிறார்களே என்பதுதான் அவர்களின் ஆதங்கம்.

கவலையை அவர்கள் இரண்டாகப் பிரித்ததைக் கவனியுங்கள். ஒன்று, காரணம் தெரிந்தது: மௌத், நஷ்டம், பிரிவு. இன்னொன்று, காரணமே தெரியாமல் நெஞ்சை அழுத்துவது. இந்த இரண்டாவது வகை உடலிலிருந்து, இரத்தத்தின் கோளாறிலிருந்து வருகிறது, அதற்கு உடல் மருத்துவம் வேண்டும் என்றார்கள். அத்துடன் நிறுத்தவில்லை. அந்த நோயாளியிடமும் இதமாகப் பேச வேண்டும், அவர் மனம் மலரும் துணை வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அக்கால இரத்தக் கணக்கை இன்றைய மருத்துவம் ஏற்காது. அது வேறு விஷயம். மருந்தையும் அன்பையும் எதிரெதிராக நிறுத்தாத அந்தப் பார்வையைப் பாருங்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகனோ மகளோ பேச்சைக் குறைத்து மூலையில் ஒடுங்கினால், ஈமான் பலவீனம் என்கிறோம், கண்ணேறு என்கிறோம். சிலர் ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தி மருத்துவரிடம் போவதில்லை. வேறு சிலர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்காருவதில்லை. இரண்டுமே அல்பல்கீ (ரஹ்) காட்டிய வழி இல்லை.

கடைசி அத்தியாயம் வஸ்வாஸைப் பற்றியது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் நிலை அது. அப்படிப்பட்டவருக்குத் தனிமை ஆகாது; மனிதர்களோடு கலந்திருக்க வேண்டும், மனதை ஈர்க்கும் வேலை வேண்டும், அவர் நம்பும் ஒருவர் அந்த எண்ணங்கள் வெறும் பொய்ப் பயம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். நாமோ, வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்று பயந்து அவரைப் பின்னறையில் பூட்டுகிறோம். அதைவிடக் கொடுமையையும் நம் மண் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. பராமரிப்பு என்ற பெயரில்தான் அந்தச் சங்கிலி பூட்டப்பட்டிருந்தது.

இன்னொரு யோசனையும் அந்த நூலில் உண்டு. திடீர் நோய்க்கு உதவும் என்று வீட்டில் மருந்து வாங்கி வைப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சோதனை வரும் நேரத்தில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா?

ஹிஜ்ரி 322இல், எண்பது வயதைக் கடந்த நிலையில் அவர்கள் வஃபாத்தானார்கள். நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூலின் ஆயா சோஃபியா தொகுப்பில் தங்கியது. சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ, உள்ளத்தைப் பற்றிய பாகத்தை 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். அல்லாஹ் இருவரின் கப்ரையும் ஒளிமயமாக்குவானாக, ஆமீன்.