மளிகைக்கடைக்காரர் மகனும் மிலான் மாளிகையும்

இத்தாலி நாட்டிலே மிலான் என்றொரு மாநகர். அங்கே ஸ்காலா என்றொரு இசை நாடக மாளிகை. 1778-ல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், 1943-ல், குண்டு விழுந்து கூரை சரிந்தது. 1946-ல் மீண்டும் எழுந்து நின்றது. ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள், புனித அம்புரோசின் திருநாளன்று, அங்கே புதிய நாடகப் பருவம் தொடங்கும். முன்பு டிசம்பர் 26-ல் தொடங்கி வந்தார்கள். 1951 முதல் இந்த நாள்.

தொடக்க விழா என்றால் அது நாடக விழா மட்டுமா? சீமான்களின் விழா, சீமாட்டிகளின் விழா! மந்திரிகள் வருவர், ஆலை அதிபர்கள் வருவர், வைரமும் பட்டும் வாசலிலே மின்னும். ஓர் ஆசனத்தின் விலை 2,000 யூரோவைத் தாண்டிப் போகிறது. 1968-ல் இந்தப் பகட்டைக் கண்டு பொறாத மாணவர்கள் வாசலில் திரண்டு, விலையுயர்ந்த உடைகளின் மீது முட்டை வீசினார்கள். அன்று உள்ளே நடந்தது வெர்டியின் டான் கார்லோ. 2013-ல் பருவத்தைத் தொடங்கி வைத்தது அதே வெர்டியின் லா திராவியாத்தா. அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்ததற்காக அந்த ஏற்பாடு. கூரையை ஒட்டிய கேலரியில் குறைந்த காசு கொடுத்து உட்காருகிறவர்கள் அன்றும் சும்மா இருக்கவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று கூவினார்கள். பட்டுச் சட்டைக்காரர்களுக்கு அந்தத் துணிவு வருவதில்லை, கேலரிக்காரனுக்குத்தான் வரும்.

சீமான்கள் கூடும் அந்த மாளிகையிலே, ஆண்டுக்காண்டு யாருடைய பாட்டுக்காகக் கூடுகிறார்களோ, அந்த வெர்டி யார்? கோமான் வீட்டுப் பிள்ளையா? இல்லை, தோழர்களே. சிற்றூரிலே சாராயமும் மளிகையும் விற்ற ஒரு கடைக்காரரின் மகன்.

1813 அக்டோபரில் ரொங்கோலே என்ற குக்கிராமத்தில் பிறந்தான் ஜியூசெப்பே வெர்டி. தாய் நூல் நூற்றவள். அந்தப் பகுதி அப்போது நெப்போலியனின் ஆட்சியில் இருந்தது. ஆகவே இத்தாலியின் இசைக்கே பெயராகிவிட்ட அந்த மனிதனின் பிறப்பு, பிரெஞ்சு மொழியிலே, பிரெஞ்சுப் பெயரோடு பதிவாயிற்று. அந்நியன் ஆட்சியில் குழந்தையின் பெயர்கூடச் சொந்த மொழியில் இருப்பதில்லை!

பையனுக்கு இசையிலே பித்து. தந்தை எங்கிருந்தோ ஒரு பழைய இசைப்பெட்டி வாங்கி வந்தார். ஸ்பினெட் என்பார்கள், பியானோவுக்குப் பாட்டன். பழுதுபட்டுக் கிடந்தது. 1821-ல் கவல்லெட்டி என்ற கைவினைஞர் அதைச் சீர் செய்தார். தோல் வைத்தார், கட்டைகளைப் பொருத்தினார், வேலை முடிந்தது. கூலி? வாங்கவில்லை. இந்தப் பையன் கற்றுக்கொள்ளக் காட்டும் ஆர்வமே எனக்குப் போதுமான கூலி என்ற கருத்திலே ஒரு குறிப்பெழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிட்டுப் போய்விட்டார். பின்னாளில் மன்னர்களும் சீமான்களும் அவருக்குத் தந்த பட்டங்கள், பதக்கங்கள் எத்தனையோ. அவற்றையெல்லாம்விட, கூலியை விட்டுக்கொடுத்த அந்தத் தொழிலாளியின் துண்டுச் சீட்டு பெரிது என்பேன். அந்தப் பெட்டி இன்று ஸ்காலா மாளிகையின் காட்சிச்சாலையில் இருக்கிறது.

அருகிலிருந்த புசெட்டோ நகரில் பரெட்சி என்ற வணிகர் பையனை ஆதரித்தார். 1832-ல் மிலான் இசைக் கல்லூரியின் கதவைத் தட்டினான் வெர்டி. வயது அதிகம் என்றார்கள். அந்நிய நாட்டான் என்றார்கள். பார்மா தனி நாடு, மிலானோ ஆஸ்திரியாவின் பிடியில். ஒரே மொழி பேசுகிறவன், அந்நியனாம்! பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை என்றும் சொன்னார்கள். கதவு மூடிற்று. அன்று அவனை வெளியே தள்ளிய அந்தக் கல்லூரிக்கு இன்று என்ன பெயர் தெரியுமா? வெர்டி இசைக் கல்லூரி.

தனியாசிரியரிடம் கற்றார். பரெட்சியின் மகள் மார்கரீட்டாவை 1836-ல் மணந்தார். ஒரு பெண், ஓர் ஆண் என இரண்டு குழந்தைகள். 1838 ஆகஸ்டில் பெண் குழந்தை மாண்டது. 1839 அக்டோபரில் ஆண் குழந்தை மாண்டது. அடுத்த மாதமே ஸ்காலாவில் அவருடைய முதல் நாடகம் ஒபெர்டோ அரங்கேறி ஓரளவு நல்ல பெயர் பெற்றது. 1840 ஜூனில் மனைவியும் மாண்டாள். இரண்டாண்டுக்குள் வீடு வெறிச்சோடிப் போயிற்று. அந்த வேளையிலே கையிலிருந்த ஒப்பந்தம் எதற்குத் தெரியுமா? நகைச்சுவை நாடகத்துக்கு! கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரிப்புக்குப் பாட்டமைத்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, முதலாளிக்கு இழவு வீடென்றும் திருமண வீடென்றும் பேதமுண்டா? செப்டம்பரில் மேடையேறியது, மக்கள் கூச்சலிட்டார்கள், ஒரே நாளில் மூட்டை கட்டினார்கள்.

இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தார் வெர்டி. ஸ்காலாவை நடத்தி வந்த மெரெல்லி விடவில்லை. நபுக்கோ என்ற நாடக ஏட்டை அவர் கையிலே திணித்தார். பாபிலோன் மன்னனிடம் சிறைப்பட்டு, நாடிழந்து, நதிக்கரையில் தாயகத்தை எண்ணி ஏங்கும் யூத மக்களின் கதை. ஒத்திகை நடந்தபோது, மேடையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்றும், பாட்டு முடிந்ததும் சுத்தியலாலும் கருவிகளாலும் மரத்தைத் தட்டி ஆரவாரித்தார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. 1842 மார்ச் 9-ல் அரங்கேறிற்று. அவ்வாண்டு இலையுதிர் பருவத்தில் மட்டும் 57 முறை நடந்தது.

ஆஸ்திரியரின் ஆட்சியில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் முதல் நாளே அந்தக் கூட்டுப் பாடலைக் கேட்டுக் கொதித்தெழுந்து, மறுமுறை பாடச் சொன்னார்கள் என்று நூல் நூலாக எழுதி வைத்தார்கள். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அந்நாளைய ஏடுகளைப் புரட்டியபோது, மறுமுறை பாடச் சொன்னது வேறொரு பாடலை என்று தெரிந்தது. அதனால் என்ன? அந்தப் பாட்டு மெல்ல மெல்ல மக்கள் நெஞ்சிலே குடியேறியது உண்மை. ஆனால் ஒரே இரவில் பாட்டு புரட்சி செய்ததாகக் கதை கட்ட வேண்டிய தேவை நமக்கில்லை.

1848-ல் கிளர்ச்சி எழுந்தது. மாஜினியின் வேண்டுகோளுக்கிணங்க வெர்டி ஒரு போர்ப் பாட்டுக்கு இசையமைத்தார். 1849 சனவரியில், ரோம் குடியரசாக மாறுவதற்குச் சில நாள் முன்பு, அந்நியப் படையை விரட்டிய பழைய போரொன்றை அதே ரோம் நகர மேடையில் ஏற்றினார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கோல் மறுபடி கூர்மையாயிற்று. விக்டர் ஹ்யூகோவை நம்மவர் அறிவர். தமிழில் ஏழை படும் பாடு என்று வந்ததன் மூலக் கதையை எழுதியவர். அவர் நாடகமொன்றிலே காமுகனான அரசன் வருகிறான். அதை வெர்டி ரிகொலெட்டோ ஆக்கியபோது, அரசனை அரசனாகக் காட்டக் கூடாதென்றார்கள். சிற்றரசனாக்கி 1851-ல் மேடையேற்றினார். இன்னொரு நாடகத்தில் சுவீடன் அரசன் கொலையுண்ட வரலாறு, அதையும் தடுத்தார்கள், அரசனை அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆளுநராக்க வேண்டியதாயிற்று.

இனி லா திராவியாத்தாவுக்கு வருவோம். வழி தவறியவள் என்று பொருள். பாரிசிலே ஏழையாய்ப் பிழைக்க வந்து, செல்வர்களின் விளையாட்டுப் பொம்மையாகி, காசநோயால் 1847-ல் இருபத்துமூன்று வயதில் மாண்ட மரி துப்ளெசி என்பாளின் வாழ்வை வைத்து, இளைய டூமா ஒரு நவீனமும் பிறகு நாடகமும் எழுதினார். வெர்டி அதை எடுத்துக்கொண்டார். வியோலெட்டா என்ற கணிகை. ஆல்பிரெடோ என்ற இளைஞன் அவளைக் காதலிக்கிறான். அவளும் பழைய வாழ்வை உதறிவிட்டு, உடைமைகளை விற்று, அவனோடு நாட்டுப்புறத்தில் வாழ்கிறாள். வருகிறார் அவன் தந்தை. நீ அவனோடிருந்தால் என் மகளின் திருமணம் நின்றுபோகும், விட்டுவிடு என்கிறார். காரணம் சொல்லாமல் அவள் விலகுகிறாள். உண்மை அறியாத காதலன் நிறைந்த சபையிலே பணத்தை அவள் மீது வீசுகிறான். பிறகு உண்மை தெரிந்து அவன் ஓடிவரும்போது அவளுக்கு உயிர் பிரியும் நேரம்.

குடும்ப மானம் காக்க உயிரைத் தருகிறாள் ஒருத்தி. அவளுக்குப் பெயர் வழி தவறியவள். பெண்ணின் தியாகத்தில் மானம் பெற்றுக்கொண்டவர் பெயர் பெரிய மனிதர்! இதைத்தான் வெர்டி மேடையிலே வைத்தார், அதுவும் அந்நாளைய உடையோடு, அந்நாளைய மனிதர்களாகவே வைக்க விரும்பினார். கூடாது, 1700-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த கதையாகக் காட்டு என்றார்கள். ஏன்? முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் தம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிடக் கூடாதல்லவா!

1853 மார்ச் 6, வெனிஸ் நகரம். முதல் அங்கத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. பிறகு எல்லாம் சரிந்தது. இளைத்து இறக்க வேண்டிய கதாநாயகி உடல் பருத்தவர். மரணப் படுக்கையில் சிரிப்பு எழுந்தது. காதலனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் வெர்டி நண்பர்களுக்குச் சுருக்கமாக எழுதினார்: தோற்றுவிட்டது, குற்றம் என்னுடையதா, பாடகர்களுடையதா, காலம் சொல்லட்டும். காலம் பதினான்கு மாதத்தில் சொல்லிவிட்டது. 1854 மே மாதம் அதே வெனிசில், வேறொரு அரங்கில், சில திருத்தங்களோடு ஏறியது, நகரமே கொண்டாடிற்று.

வெர்டிக்கு இந்தக் கதை வெறும் கதையல்ல. நபுக்கோவில் பாடிய ஜியூசெப்பினா என்ற பாடகி, தந்தையை இழந்து, தாயையும் உடன்பிறந்தோரையும் காப்பாற்ற ஓயாமல் பாடிக் குரலைப் பாழாக்கிக் கொண்டவர். மணமாகாமலே தாயானவர். 1847 முதல் வெர்டி அவரோடு வாழ்ந்தார். புசெட்டோவுக்கு அழைத்து வந்தார். ஊர் முகத்தைத் திருப்பிக் கொண்டது. ஊர் வாய் ஓயவில்லை. ஆதரித்து வளர்த்த பரெட்சியே வருந்திக் கடிதம் எழுதினார். வெர்டி பணிவோடு, ஆனால் வளையாமல் பதில் எழுதினார். தம் வீட்டில் இருப்பவர் சுதந்திரமான ஒரு பெண்மணி, அவரும் தாமும் எவருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்பது அதன் கருத்து. 1852-ல் எழுதிய கடிதம். அடுத்த ஆண்டு லா திராவியாத்தா. 1859-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதே 1859-ல் இத்தாலிச் சுவர்களிலெல்லாம் வெர்டி வாழ்க என்று எழுதினார்கள். போலீசுக்காரன் பார்த்தால் இசைக்காரருக்கு வாழ்த்து. ஆனால் இத்தாலிய மொழியில் அப்பெயரின் ஐந்தெழுத்தும், இத்தாலியின் மன்னர் விட்டோரியோ இமானுவேல் என்பதன் முதலெழுத்துகள்! 1861-ல் முதல் நாடாளுமன்றத்துக்கு, கவூரின் வற்புறுத்தலால், உறுப்பினராகப் போனார். அங்கே பெரிதாக எதையும் சாதித்தார் என்று சொல்வதற்கில்லை. கவூர் மறைந்ததும் ஆர்வமும் குறைந்தது. சான்ட் அகாத்தாவில் இருந்த தம் பண்ணையிலேதான் மனம் இருந்தது. கண்டிப்பான பண்ணையார், கணக்கிலே காசு குறைந்தால் சீறுவார். அதே மனிதர் அங்கே ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டி 1888-ல் திறந்தார். எழுபத்தொன்பதாம் வயதிலே, 1893-ல், பால்ஸ்டாப் என்ற நகைச்சுவை நாடகத்தை ஸ்காலாவிலேயே அரங்கேற்றி நகரையே சிரிக்க வைத்தார். அரை நூற்றாண்டுக்கு முன் எந்த மாளிகையில் அவருடைய நகைச்சுவை நாடகம் ஒரே இரவில் விரட்டப்பட்டதோ, அதே மாளிகை!

குரல் போன பாடகனை எந்த நாடக முதலாளி காப்பாற்றுகிறான்? முதுமையில் வறுமையில் வாடும் இசைக் கலைஞர்களுக்காக மிலானில் ஓர் இல்லம் கட்டினார் வெர்டி. 1899-ல் கட்டடம் முடிந்தது. தாம் உயிரோடிருக்கும்வரை அதைத் திறக்கக் கூடாதென்று ஏற்பாடு செய்தார். நன்றி சொல்ல எவரும் வந்து நிற்பதை அவர் விரும்பவில்லை. தம் நாடகங்களின் உரிமைப் பணத்தை அதற்கே எழுதி வைத்தார்.

1901 சனவரியில் மிலான் ஓட்டல் அறையில் அவர் உயிர் ஊசலாடியபோது, வண்டிச் சத்தம் கேட்காதிருக்கத் தெருவெல்லாம் வைக்கோல் பரப்பினார்கள். 27-ஆம் நாள் மறைந்தார். பாட்டில்லாமல், ஆடம்பரமில்லாமல் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார், அப்படியே செய்தார்கள். ஒரு மாதம் கழித்து, அவரையும் முன்பே மறைந்த ஜியூசெப்பினாவையும் அந்த இல்லத்துக்குக் கொண்டுபோனபோது நகரம் அடங்கவில்லை. லட்சக்கணக்கான மக்கள் தெருவில் நின்றார்கள். டோஸ்கனினி கையசைக்க, எண்ணூறுக்கு மேற்பட்ட குரல்கள் நபுக்கோவின் அந்த அடிமைகளின் பாட்டைப் பாடின.

1902 அக்டோபர் 10-ல், அவர் பிறந்தநாளில், இல்லம் திறக்கப்பட்டது. கீழறையில் அவரும் ஜியூசெப்பினாவும் உறங்குகிறார்கள். மேலே, மேடையிலிருந்து ஓய்வு பெற்ற பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இன்றும் வாழ்கிறார்கள்.