அட்டவணை தந்த அறிஞர் எட்கர் காட்

சென்ற பருவத்தில் ஒரு நாள், நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் நான் எழுதிய ஒரு வினவலுக்கு 720 வரிகள் விடையாக வந்து நின்றன. என்னிடம் இருந்தவை 60 மாணவர்களின் பெயர் கொண்ட ஓர் அட்டவணையும், 12 துறைகளின் பெயர் கொண்ட இன்னோர் அட்டவணையும் மட்டுமே. யார் எந்தத் துறை என்று கேட்டேன். எல்லோரும் எல்லாத் துறையிலும் படிப்பதாகக் கணிப்பொறி சொல்லிற்று! இரண்டு அட்டவணைகளையும் எதைக் கொண்டு இணைப்பது என்று சொல்ல மறந்ததால் வந்த வினை. பக்கத்து இருக்கைத் தோழர்கள் சிரித்தார்கள். விரிவுரையாளர் வந்து பார்த்தார். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடத்தை மறந்துவிட்டாயா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

உறவுகளும் சார்புகளும்! கார்டீசியன் பெருக்கல்! 60-ஐ 12-ஆல் பெருக்கினால் 720 தானே? மதிப்பெண்ணுக்காகப் படித்து, தேர்வறையிலேயே விட்டுவிட்டு வந்த பாடம் அது. அந்தப் பாடத்தையே அடித்தளமாகக் கொண்டு உலகத்துப் பதிவேடுகளின் அமைப்பையே மாற்றிக் காட்டிய ஒருவர் இருந்தார் என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். அவர்தான் எட்கர் பிராங்க் காட். நண்பர்களுக்கு அவர் டெட்.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், போர்ட்லந்து என்றொரு சிறு தீவு உண்டு. கூழாங்கல் திட்டு ஒன்று அதை நிலத்தோடு பிணைக்கிறது. இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயம் அந்தத் தீவின் கல்லால் எழுந்ததே. அத்தீவில் 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் காட் பிறந்தார். தந்தை தோல் தொழில் செய்தவர். தாய் பள்ளி ஆசிரியை. ஏழு பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் சேர்ந்து கணிதமும் வேதியியலும் படித்துக்கொண்டிருந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. படிப்பைக் காட்டிப் போரிலிருந்து ஒதுங்கியிருக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. எனினும் 1942-இல் தாமாகவே விமானப் படையில் சேர்ந்தார். கடலோரக் காவல் பிரிவில் சண்டர்லந்து என்னும் பெரிய கடல் விமானங்களை ஓட்டினார். போர் முடிந்தபின் திரும்பி வந்து 1948-இல் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு அமெரிக்கா சென்றார். போன புதிதில் நியூயார்க்கின் மேசீஸ் என்னும் பெரிய அங்காடியில் ஆடவர் உடைப் பிரிவில் விற்பனையாளராக நின்றார். ஆக்ஸ்போர்டு பட்டதாரிக்கும் முதல் வேலை துணி எடுத்துக் காட்டுவதுதானா என்று படித்தபோது எனக்கு வியப்பாகவும், மறைக்காமல் சொன்னால் சற்று ஆறுதலாகவும் இருந்தது. பின்பு டென்னசி பல்கலைக் கழகத்தில் ஆறு மாதம் கணிதம் கற்பித்தார். 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் புரோகிராம் எழுதும் கணித வல்லுநராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி என்பவர், இவர் பொதுவுடைமையாளர், அவர் பொதுவுடைமையாளர் என்று பலர்மீதும் குற்றம் சாட்டி அச்சத்தைப் பரப்பி வந்தார். இதைப் பொறுக்காத காட், 1953-இல் நல்ல வேலையை விட்டுவிட்டுக் கனடாவின் ஒட்டாவா நகருக்குச் சென்றுவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்தே ஐ.பி.எம்.முக்குத் திரும்பினார். சரியல்ல என்று பட்டதைச் சரியல்ல என்று சொல்லும் இந்தப் பிடிவாதம் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் தொடர்ந்தது.

நாற்பதை நெருங்கும் வயதில் அவர் மீண்டும் மாணவரானார். மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1965-இல் முனைவர் பட்டம் பெற்றார். தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் இயந்திரத்துக்கு மேதை வான் நியூமன் 29 நிலைகள் கொண்ட கட்டங்களை வகுத்திருந்தார். எட்டு நிலைகளே போதும் என்று காட்டியது காட்டின் ஆய்வு. பின்னர் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பணி அங்கேதான் தொடங்கிற்று.

அந்நாளில் விவரங்களை எப்படிச் சேமித்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காட் செய்ததன் அருமை விளங்காது. ஐ.பி.எம். விற்றுவந்த ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பு, நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது. அது மரம் போன்றது. நம் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். மரத்தின் உச்சியில் துறை. துறைக்குக் கீழே மாணவர். மாணவருக்குக் கீழே அவர் எழுதிய தாள்களும் மதிப்பெண்களும். இயற்பியல் துறையில் யார் யார் என்று கேட்டால் விடை எளிது. ஆனால் கல்லூரி முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட தாளில் தோற்றவர் யார் என்று கேட்டுவிட்டால், ஒவ்வொரு துறையாக இறங்கி, ஒவ்வொரு மாணவராகத் தட்டி எழுப்பி, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, மீண்டும் மேலே ஏறி அடுத்த கிளைக்குப் போக வேண்டும். இத்தனை ஏற்ற இறக்கத்தையும் புரோகிராம் எழுதுபவரே அடியடியாகச் சொல்லித் தர வேண்டும். நாளை யாரேனும் மரத்தின் அமைப்பை மாற்றினால் முன்பு எழுதியவற்றில் பல பயனற்றுப் போகும். கேட்க வேண்டிய ஒருவர், கட்டடத்தின் உட்புறமெல்லாம் அறிந்தவரின் தயவை நாடியே நிற்க வேண்டும்.

நாமெல்லோரும் அலுவலகங்களில் இப்படி நின்றவர்கள்தாமே? சாதிச் சான்றிதழ் எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்தவருக்குக் கிடைக்கும்; தெரியாதவர் மறுநாள் வர வேண்டும்.

காட் 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்க இதழில் பதினொரு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் கருத்து கேட்பதற்கு மிக எளியது. விவரங்களை வெறும் அட்டவணைகளாகவே காட்டுங்கள். எந்த வரி முதலில், எந்த வரி பின்னால் என்பதற்குப் பொருள் இல்லை. ஓர் அட்டவணைக்கும் மற்றோர் அட்டவணைக்கும் தொடர்பு இரண்டிலும் பொதுவாக உள்ள மதிப்பால் மட்டுமே. துறைக் குறியீடு இரண்டிலும் இருந்தால் இணைக்கலாம். கேட்பவர் தமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும். அதை எந்த வழியில் சென்று எடுப்பது என்பது இயந்திரத்தின் கவலை. பத்தாம் வகுப்பில் நாம் படித்த உறவு என்பதே அவருடைய அட்டவணைக்குக் கணிதப் பெயர். கணங்களைச் சேர்ப்பது, வெட்டுவது, பெருக்குவது போன்ற செயல்களே அவருடைய கேள்விகளுக்குக் கருவிகள்.

இதை அவருடைய நிறுவனமே உடனடியாக ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஐ.எம்.எஸ். நல்ல இலாபம் தந்துகொண்டிருந்தது. கறக்கும் பசுவை யார் விற்பார்கள்? வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. சார்லஸ் பாக்மன் என்பவர் விவரங்களை வலைபோல் பின்னும் முறையின் தந்தை. அதற்காக 1973-இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருதைப் பெற்றவர். புரோகிராம் எழுதுபவரைக் கடலில் வழி கண்டு செல்லும் மாலுமியாக அவர் உருவகித்தார். 1974-ஆம் ஆண்டு மே மாதம் ஆன் ஆர்பர் நகரில் நடந்த மாநாட்டில் இரு தரப்பாரும் நேருக்கு நேர் வாதாடினார்கள். உண்மையாகவே கடலின்மீது விமானம் ஓட்டிய காட், கேட்பவருக்கு மாலுமி வேலை வேண்டாம் என்று வாதாடினார் என்பதை எண்ணினால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அதே மாநாட்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரு இளம் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சீக்வல் என்றொரு வினவல் மொழியை வெளியிட்டார்கள். காட் தாமே வகுத்திருந்த ஆல்பா என்னும் மொழி கணிதக் குறியீடுகள் நிறைந்தது. கணிதம் படியாதவரை அது அச்சுறுத்தும். சீக்வல் சாதாரண ஆங்கிலச் சொற்களால் ஆனது. அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்தமையால், பின்னாளில் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கிற்று. நாம் இன்று எழுதும் மொழி இதுவே. ஆனால் பாய்ஸ் இதன் வெற்றியைக் காணவில்லை. மாநாடு முடிந்த சில வாரங்களில், முப்பது வயதைக்கூட எட்டாத நிலையில், மூளை இரத்தக்குழாய்க் கோளாறினால் அவர் மறைந்தார். நம் பாடத்தில் வரும் பாய்ஸ்–காட் இயல்பு வடிவத்தை இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்வு இருந்தது தெரியாது.

வழி தேடும் வேலையை இயந்திரத்திடம் விட்டால் அது தாமதமாகும் என்று சொன்னவர்களுக்கு, ஐ.பி.எம்.மின் சிஸ்டம் ஆர் என்னும் சோதனைத் திட்டம் விடை கண்டது. பல வழிகளின் செலவையும் மதிப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை பாட்ரீசியா செலிங்கர் என்ற அம்மையாரின் குழு 1979-இல் வெளியிட்டது. ஆயினும் அந்த ஆண்டே, ஐ.பி.எம். வெளியிட்டிருந்த கட்டுரைகளைப் படித்து ஊக்கம் பெற்ற ஒரு சிறு நிறுவனம் ஆரக்கிள் என்னும் பெயரில் சந்தைக்கு முந்திவிட்டது. ஐ.பி.எம். 1981-இல்தான் தன் சரக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே 1981-இல் காட் டூரிங் விருது பெற்றார்.

காட் செய்த இன்னொரு காரியம் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. எனக்கு அதுவே மிகவும் பிடித்தது. எந்தப் பயிற்சியும் இல்லாத, எப்போதாவது ஒருமுறை கணிப்பொறியிடம் வரும் சாதாரண மனிதர் தம் பேச்சு மொழியிலேயே கேள்வி கேட்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக 1974 முதல் ரான்டேவூ என்ற திட்டத்தில் உழைத்தார். 1978-இல் அதன் முதல் வடிவம் பற்றிய அறிக்கை வந்தது. அதில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்பார். புரியாத சொல் இருந்தால் இயந்திரம் திருப்பிக் கேட்கும். பேச்சு எங்கும் நகராவிட்டால், இதுவா அதுவா என்று தெரிவு செய்யச் சில விடைகளை முன்வைக்கும். பிறகு, தான் விளங்கிக்கொண்ட கேள்வியைத் தெளிவான வாசகமாக எழுதிக் காட்டும். கேட்டவர் ஆம் என்று ஒப்பிய பின்னரே தேடும். விற்பனைக்கு வராத சோதனைதான் அது.

இன்று நம்மில் பலர் கைபேசியிலுள்ள செயற்கை அறிவிடம் ஒரு வரி எழுதிக் கேட்கிறோம்; நொடியில் வினவல் வந்துவிடுகிறது; அப்படியே ஒட்டுகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை தேர்ச்சி பெறாதவர் பட்டியல் கேட்டேன். 35-க்குக் கீழ் என்று அது எழுதிக் கொடுத்தது. விடை 9 பேர். 35-ம் அதற்கு மேலும் பெற்றவர் என்று மாற்றிக் கேட்டால் 48 பேர். கூட்டினால் 57, மாணவரோ 60. தேர்வுக்கு வராத மூவரின் மதிப்பெண் இடம் வெறுமையாக இருந்தது. வெறுமை எந்த எண்ணைவிடவும் சிறியதும் அன்று, பெரியதும் அன்று. அந்த மூவரையும் தோற்றவராகக் கொள்வதா வேண்டாமா என்று அது என்னைக் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். ஏனென்றால் எனக்கே அப்போது விடை தெரியாது. வழியை அறியும் சுமையைத்தான் காட் இறக்கி வைத்தார். எதைக் கேட்கிறோம் என்று அறியும் சுமை நம்மிடமே இருக்கிறது. அதில் துணை நிற்கவே அவருடைய இயந்திரம் திருப்பிக் கேட்டது.

இந்த வெறுமைக்கு உண்மை, பொய், தெரியாது என்ற மூன்று மதிப்புத் தருக்கத்தை வகுத்தவரும் காட்தான். பின்னர் அதுவும் போதாது என்றார். மதிப்பெண் இனிமேல் வரவேண்டியவரும், அந்தப் பாடமே எடுக்காதவரும் ஒன்றல்லர். ஆகவே வெறுமையிலும் இரண்டு வகை வேண்டும் என்று 1990-இல் வந்த தம் நூலில் எழுதினார். அவருடைய நெருங்கிய நண்பரும் தொழில் கூட்டாளியுமான கிறிஸ் டேட், வெறுமைக்கு இடம் தருவதே தவறு என்று இறுதிவரை அவரோடு மாறுபட்டார். நட்புக்கு அதனால் குறைவில்லை.

1984-இல் ஐ.பி.எம்.மை விட்டு விலகினார். எல்லா நிறுவனங்களும் தங்கள் சரக்கின்மேல் அவருடைய கொள்கையின் பெயரை ஒட்டிக்கொண்டபோது, அடுத்த ஆண்டே எது உண்மை எது போலி என்று பிரிக்கப் பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். பூச்சியத்திலிருந்து எண்ணியதால் அவை பதின்மூன்று! எந்தச் சரக்கும் அவற்றை முழுமையாக நிறைவு செய்யவில்லை. எஸ்.க்யூ.எல். மொழி 1986-இல் அமெரிக்கத் தரமாக அறிவிக்கப்பட்டது. உலகமே அதைக் கொண்டாடிய வேளையில், அதன் குறைகளைக் கடுமையாகச் சுட்டிக் கட்டுரை எழுதியவர் அதன் மூலவரான காட். அவர் முதன்மையாகச் சொன்ன குறை, ஒரே வரி இருமுறை வருவதை அம்மொழி அனுமதிக்கிறது என்பது. கணத்தில் ஓர் உறுப்புக்கு ஓரிடம்தானே? கணமாகவே இல்லாத ஒன்றை உறவு என்று எப்படி அழைப்பது?

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், பிளாரிடா மாநிலத்தில், 79-ஆம் வயதில் இதயச் செயலிழப்பால் காட் காலமானார். அடுத்த ஆண்டு, தரவுத்தள ஆய்வாளர்களுக்குக் கணிப்பொறிச் சங்கத்தின் பிரிவு வழங்கும் விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் சுட்டிய இரட்டை வரிகள் மட்டும் இன்றும் போகவில்லை. டிஸ்டிங்ட் என்ற சொல்லை நாமே நினைவாக எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சென்ற வாரச் செய்முறைத் தேர்விலும் நான் அதை மறந்தேன்.